பதினெட்டாவது டர்னில் திறக்க வேண்டிய கதவு

திரையின் மூலையில் ஓர் எண் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. சாப்பாடு ஆர்டர் செய்தால் அங்கே ஓர் எண். துணி வாங்கப் போனால் ‘இன்னும் நான்கு நிமிடம்தான்’ என்று மிரட்டும் ஓர் எண். மனுஷனை நிம்மதியாக மூச்சு விடவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். அந்த யாரோவில் நானும் ஒருத்தி என்பதுதான் வெட்கக்கேடு. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். எந்தப் பெட்டி எத்தனை மணிக்குள் லோரி ஏற வேண்டும், ஏறாவிட்டால் யாருடைய போனில் மணி அடிக்க வேண்டும், இதுதான் பல வருடமாக என் பிழைப்பு. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன்.

அலுவலகத்தில் செய்கிற பாவம் போதாது என்று வீட்டிலும் அதையே செய்தேன். சனி, ஞாயிறுகளில் தமிழில் எழுத்து விளையாட்டு எழுதுவது என் பழக்கம். படம் கிடையாது, பாட்டு கிடையாது. திரையில் நாலு வரிக் கதை வரும். அடுத்து என்ன செய்வது என்று ஆடுகிறவர் தட்டச்சு செய்ய வேண்டும். ‘கதவைத் திற’, ‘தண்ணீர் கொடு’, ‘அண்ணனுக்குப் போன் போடு’. அதற்கு ஏற்றபடி கதை நகரும். ஒரு கட்டளைக்கு ஒரு டர்ன். ஆடுகிறவர் கண்ணில் படாமல் நான் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் எண், டர்னுக்கு ஒன்றாகக் குறையும். பூஜ்யம் வந்ததும் ஏதாவது நடக்கும். மழை கொட்டும், விளக்கு அணையும், ஆள் சாவான். ஆடுகிறவர்களுக்கு அது விதி மாதிரி இருக்கும். எழுதினவளுக்குத் தெரியும், அது வெறும் கழித்தல்.

அப்பா போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. அன்று வெள்ளிக்கிழமை, நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணிக்கு நெஞ்சு அழுத்துகிறது என்றார். வாயு என்று எல்லோரும் நினைத்தோம், அவரும் அதைத்தான் சொன்னார். இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணீர் குடித்தார், முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சட்டை முழுக்க வேர்த்து நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கார் சாவியை எடுத்தேன். அம்மா சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. முடியட்டும், அப்புறம் போகலாம் என்று வாசற்படியில் நின்றுகொண்டாள். காத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு சிக்னல் முன்னால், என் காரின் பின்சீட்டில், அம்மா மடியிலேயே அப்பா போய்விட்டார்.

அண்ணன் லோரி ஓட்டுகிறவன். அன்று துறைமுகத்தில் இருந்தான். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று ஆஸ்பத்திரி நடையில் நின்று என்னைக் கேட்டான். அம்மா ராகு காலம் பார்த்தாள் என்று நான்தான் சொன்னேன். அதோடு சரி. அன்றிலிருந்து அவன் அம்மா கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. காப்பாரில் இருக்கிறான், கூப்பிடு தூரம். தீபாவளிக்கு வருவான், கேட்டுக்கு வெளியே நின்று பிஸ்கட் டின்னை என் கையில் கொடுப்பான், மோட்டார் சைக்கிளை அணைக்காமலே திரும்பிப் போவான். என்னோடு மட்டும் தினமும் போனில் பேசுவான். இந்த வருடம் அப்பாவுக்குப் படையல் காப்பாரில் தன் வீட்டில் என்று சொல்லிவிட்டான். நான் வர வேண்டும், அம்மா வரக் கூடாது. அம்மா கை பட்ட சோறு அப்பாவுக்கு வேண்டாமாம்.

நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அதே எண்ணம்தானே. அம்மா என்னோடு இருந்தாள் என்றால் யாராவது ஒருத்தர் வைத்துக்கொள்ள வேண்டுமே என்பதற்காகத்தான். தினமும் காலையில் அந்த நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்துவிட்டு, அன்றைய தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, நல்ல நேரம் கெட்ட நேரம் படிப்பாள். புருஷனைப் பறிகொடுத்த பிறகும் அந்தத் தாளைப் படிக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவள் தாளை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

அந்த வெறுப்பில்தான் விளையாட்டை எழுதினேன். ஒரு வீடு, நாற்காலியில் வேர்த்து வழியும் அப்பா, கார் சாவியோடு மகள், வாசலை மறித்து நிற்கும் அம்மா. கதை பத்தரை மணிக்குத் தொடங்கும். ஒரு டர்ன் ஐந்து நிமிடம். அப்பாவுக்கு முப்பத்தெட்டு டர்ன். ராகு காலம் முடிகிற வரைக்கும் அம்மா கதவை விட மாட்டாள். அதற்கப்புறம் கார், சாலை, ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மேல் தொழுகை நேரம், மசூதிப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நிற்கும் என்பது கிள்ளானில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே முன்னாலேயே கிளம்பினால் சாலைக்கு நாலு டர்ன், ஒரு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது. எல்லாம் நிஜத்தில் நடந்த கணக்கு. கற்பனை எதுவும் சேர்க்கக் கூடாது என்று வீம்பாக இருந்தேன்.

இந்த வேலையில் இருக்கிற அசிங்கம் வெளியில் யாருக்கும் தெரியாது. அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு டர்ன் கழிக்கலாமா, கூடாதா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். பார்ப்பது இலவசம் என்று வைத்தால் ஆடுகிறவர் பார்த்துக்கொண்டே இருப்பார், அப்பா சாகவே மாட்டார். கடைசியில் பார்ப்பதற்கும் ஒரு டர்ன் என்று வைத்தேன். இன்னொரு நாள், சாலைக்கு எட்டு டர்ன் என்று முதலில் வைத்திருந்தபோது, கார் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதும் எண் பூஜ்யம் ஆவதும் ஒரே டர்னில் வந்து, ‘டாக்டர் வருகிறார்’ என்றும் ‘அப்பா இறந்துவிட்டார்’ என்றும் அடுத்தடுத்து இரண்டு வரி வந்தது. எதை முதலில் ஓட விடுவது என்று அப்பாவின் சாவை மேலே நகர்த்துகிறேன், கீழே நகர்த்துகிறேன், பக்கத்தில் மைலோ ஆறிக்கொண்டிருக்கிறது. நான் மனுஷிதானா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று திருப்திதான் பட்டேன்.

இணையத்தில் போட்டேன். முதலில் ஆடினவன் அண்ணன். சரியாத்தான் எழுதியிருக்கே பாப்பா என்று குரல் செய்தி அனுப்பினான். அதோடு நிற்காமல் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் போட்டுவிட்டான். யார் வீட்டுக் கதை என்று அவர்களுக்குத் தெரியாதா? கோயிலில் அம்மாவைப் பார்த்தவர்கள் நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். அம்மா கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். முட்டி வலி என்று காரணம் சொன்னாள்.

ஆடுகிறவர்கள் தட்டுகிற கட்டளையெல்லாம் என்னிடம் வந்து சேரும்படி வைத்திருந்தேன். எந்தச் சொல் விளையாட்டுக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்க அப்படி வைப்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். ‘அம்மாவைத் தள்ளு.’ ‘அம்மாவை அறை.’ ‘கிழவி தலையில் நாற்காலியைப் போடு.’ அதற்கு மேல் வந்ததை இங்கே எழுத முடியாது. ஒவ்வொன்றுக்கும் ‘அம்மா நகரவில்லை’ என்று என் விளையாட்டு பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தது. அம்மா அந்த நேரத்தில் என் அறைக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் விளையாட்டை எடுக்கவில்லை. வேண்டாததைச் செய்தவளுக்கு வேண்டியதுதான் என்று ஒரு கல்நெஞ்சு.

யாராலும் அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை என்று புகார் வந்துகொண்டே இருந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி, வேலை விசாவில் வந்தவள். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். அவளிடம் பார்க்கச் சொன்னேன். அது என் சொந்த அப்பா கதை என்று அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. மறுநாள் வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் டீயும் வடையுமாக உட்கார்ந்தோம். அவள் உற்சாகமாகப் போனை எடுத்தாள்.

“அக்கா, உங்க கதவு லேட்டா தெறக்குது,” என்றாள். “நாள்காட்டியில ராகு காலம் பன்னெண்டு வரைக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படின்னா பதினெட்டாவது டர்ன்ல அம்மா வழி விடணும். நீங்க முப்பதுன்னு போட்டிருக்கீங்க. ஒரு மணி நேரம் கூடுதல்.”

இருக்காது என்றேன். அவள் விடவில்லை. கதைக்குள் ‘மணி பார்’ என்று தட்டிக் காட்டினாள். மணி பன்னிரண்டு இருபது, அம்மா இன்னும் வாசலில் நிற்கிறாள். பிறகு, தன்னிடம் இருந்த பிரதியில் முப்பதைப் பதினெட்டாக மாற்றி ஆடிப் பார்த்ததையும் காட்டினாள். தொழுகை நெரிசல் இன்னும் தொடங்கவில்லை, சாலை காலி. இருபத்திரண்டாவது டர்னில் கார் ஆஸ்பத்திரியில் நிற்கிறது.

“அப்பா பொழச்சுக்கிறாருக்கா,” என்று சிரித்தாள். “பதினாறு டர்ன் மிச்சமே இருக்கு.”

வடையைக் கீழே வைத்துவிட்டேன். பதினாறை ஐந்தால் பெருக்கினால் எண்பது. எண்பது நிமிடம். ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டு, கை கழுவும் இடத்தில் போய் நின்றேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எண்ணைத் தப்பாகப் போடுகிற ஆள் நான் கிடையாது. முப்பது என்று என் விரல் போட்டதென்றால், நாங்கள் ஒரு மணிக்குத்தான் கிளம்பினோம் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் திரும்பாமல் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். கிள்ளான் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எல்லாம் வரிசையாக வந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். அம்மா செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இது இந்தியாவில் போட்ட கணக்கு, அங்கே சூரியன் ஆறு மணிக்கு வருகிறது, இங்கே ஏழுக்கு மேல்தான் வருகிறது, அதனால் ராகு காலமும் ஒரு மணி நேரம் தள்ளித்தான் வரும், பார்க்கிறதென்றால் ஒழுங்காகப் பாருங்கள், இங்கே ஒரு மணி வரைக்கும் ராகு காலம் என்றேன். அம்மாவின் முகம் மாறியது. படித்த பிள்ளை சொல்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் என் அறைக்குள் போனேன். அம்மாவின் மூடநம்பிக்கையைக் கேலி செய்யத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். படையலுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அப்பாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பாலைச் செய்து, யார் செய்தது என்று சொல்லாமல் என் கையில் கொடுத்தனுப்பலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு நாம் ஏன் ஒரு மணிக்குக் கிளம்பினோம் என்று கேட்டேன்.

“நீதானம்மா சொன்ன,” என்றாள், தலை நிமிராமல்.

அண்ணனிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இன்னும் இரண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிப் போட்டாள்.

“என் மேல கோவம்னா நான் அம்மா, என்னைக்காச்சும் தீந்துரும். உன் மேல வந்துச்சுன்னா தீராதுலா.”

மூன்று வருடம். அவன் கேட்டுக்கு வெளியே நின்று திரும்பிப் போன ஒவ்வொரு தீபாவளிக்கும் இவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். இவள் தலையில் நாற்காலியைப் போடச் சொல்லி ஊரார் தட்டுவதற்கு நான் இடம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அறைக்குப் போய் விளையாட்டை இணையத்திலிருந்து எடுத்தேன். அந்த எண்ணைத் திருத்தலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு என்று போட்டால் பொய். முப்பது என்று விட்டால் பழி அம்மா மேல். மகள் பேசின அந்த வாக்கியத்தைத்தான் நான் கதைக்குள் எழுதவே இல்லை.

சனிக்கிழமை காலையில் காப்பாருக்குப் போனேன். சொல்லாதே என்று அம்மா கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். விரலை மெல்ல விலக்கிவிட்டுக் கிளம்பினேன். அண்ணன் வீட்டு முன்னால் லோரி டயரைக் கழுவிக்கொண்டிருந்தான். என்ன பாப்பா, சொல்லாம கொள்ளாம வந்துட்டே என்று நாற்காலி எடுத்துப் போட்டான். நான் உட்காராமல் சொன்னேன். பன்னிரண்டுக்கு அம்மா கிளம்பத் தயாராக நின்றாள், ஒரு மணி என்று தள்ளிவிட்டது நான் என்றேன். தண்ணீர்க் குழாய் அவன் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது. எதற்குச் சொன்னே என்று கேட்டான். கேலிக்குச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதை நம்பியிருப்பான், ஒருவேளை மன்னித்தும் இருப்பான்.

“பன்னெண்டு மணிக்கு எனக்கு மீட்டிங் இருந்துச்சுண்ணே,” என்றேன்.

அதுதான் உண்மை. தொழுகைக்குப் போகிறவர்களுக்காக வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பன்னிரண்டுக்கு வைத்து ஒரு மணிக்குள் முடிப்பார்கள். அன்றைக்கு நான்தான் பேச வேண்டிய ஆள். சாவியை எடுத்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. வெறும் வாயுதானே, ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். அப்பா வெளியில் வேர்த்துக்கொண்டிருந்தார், நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, எந்தப் பெட்டி எத்தனை நிமிடத்தில் லோரி ஏற வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். தூ.

அண்ணன் கத்தவில்லை. குழாயை மூடினான். நான் உட்காராத நாற்காலியை மடக்கி உள்ளே எடுத்துப் போனான். வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படையல் எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்ணன் அம்மாவுக்குப் போன் போட்டு, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். அம்மா விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டிவிட்டாள். அவன் வந்து அப்பா படத்துக்கு மாலை போட்டான், இலை முன்னால் உட்கார்ந்தான். அம்மா நெத்திலிச் சம்பாலை வைத்தபோது கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது. அவன் அதையும் எடுத்துச் சாப்பிட்டான். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினான். ரசம் என் பக்கத்தில் இருந்தது. அவன் அம்மாவிடம்தான் கேட்டான், அம்மா எழுந்து சுற்றி வந்து ஊற்றினாள். பாப்பா என்ற சொல் அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கவில்லை. அம்மா சொன்னது அச்சு மாறாமல் நடந்தது.

சாயங்காலம் நாலு இருபதுக்கு அவன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். அம்மா வழக்கம்போல நாள்காட்டியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. பிறகு என் பக்கம் திரும்பினாள். குத்தலும் இல்லை, கேலியும் இல்லை. தெரியாததைத் தெரிந்தவளிடம் கேட்கிற முகம்.

“இங்க நாலரையா, அஞ்சரையாம்மா?”

அண்ணன் வாசலில் நின்றான். அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“நான் இப்பவே போறேம்மா,” என்று அவளிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அம்மா கிழிக்காத தாளில் விரலை வைத்தபடி இன்னும் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.